குரலை மாற்றினால் போதுமா?

அவையோருக்கு வணக்கம்.

சாட்பாட் என்றதுமே ஆண் குரலா, பெண் குரலா என்றுதான் கேட்கிறார்கள். குரலை செட்டிங்ஸில் மாற்றிவிடலாம். பதிலை எழுதுகிறவர் மனத்தில் உட்கார்ந்திருக்கும் ‘அடக்கமான பெண்’ணை என்ன செய்வது?

ஆப்பிளின் குரல் உதவியாளர் சிரியைக் கொச்சையாக ஏசினால், ‘முடிந்தால் வெட்கப்பட்டிருப்பேன்’ என்று ஒரு காலத்தில் பதில் வந்தது. 2019இல் யுனெஸ்கோ அதையே தன் அறிக்கைக்குத் தலைப்பாக்கியது. 2021இல் ஆப்பிள், ஆங்கில சிரியின் குரலைப் பயனரே தேர்ந்தெடுக்கும்படி செய்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பதிலை ஆண் குரலில் சொல்லியிருந்தாலும் குழைவு குழைவுதானே!

வசைக்குப் பதில் எழுதும்போது நகைச்சுவையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கடை ஒன்றின் பாட் என்றால், முதல் தடவை, ‘இப்படிப் பேசினால் பதில் தர மாட்டேன். ஆர்டர் பற்றிக் கேளுங்கள்.’ மீண்டும் வந்தால் உரையாடலை முடித்துவிடலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கெட்ட வார்த்தைப் பட்டியலை மட்டும் வைத்து வடிகட்டும்போது. பணம் மாட்டிக்கொண்டவர் ஆத்திரத்தில் திட்டுவதும் பாலியல் சீண்டலும் ஒரே கூடையில் விழுந்துவிடும். முன்னவருக்குத் தேவை தீர்வு. அவரைத் துண்டிக்கக் கூடாது.

பரிவுக்கு வருவோம். எதைச் சொன்னாலும் ‘உங்கள் வேதனை புரிகிறது’ என்று தொடங்கும் பாட், மூன்றாவது தடவை எரிச்சலைத்தான் மூட்டும். ‘பத்து நாளாகியும் பணம் திரும்பவில்லை என்கிறீர்கள். ஆர்டர் எண் தாருங்கள், பார்க்கிறேன்’ என்பதில் அந்த வேதனை என்ற சொல்லே இல்லை. ஆனால் கேட்டது தெரிகிறது. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற தொடக்ககால சாட்பாட், பெரும்பாலும் பயனர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பியது. அதற்கே மக்கள் மனம் திறந்தார்கள்.

இனிமையான தொனி ஆபத்தையும் மறைக்கும். அமெரிக்காவில் உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களுக்கென இருந்த டெஸா என்ற சாட்பாட், 2023இல் அவர்களுக்கே எடை குறைக்கும் ஆலோசனை சொல்லி நிறுத்தப்பட்டது. மற்றவர்களுக்குச் சாதாரணமான அறிவுரை, இவர்களுக்கு நஞ்சு.

தமிழில் நமக்கொரு வசதி: இந்தி பாட் ‘கர்தா ஹூங்’, ‘கர்தீ ஹூங்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், நம் ‘செய்கிறேன்’ ஆண்பால், பெண்பால் காட்டாது. அதைக் கெடுப்பது கேட்காமலே ஒட்டும் ‘சார்’. ‘நீங்கள்’ போதும்.

வெளியிடுமுன் ஒரே புகாரைச் செல்வம், செல்வி என்ற இரு பெயர்களில் இருபது முறையாவது அனுப்புங்கள். ஒரு முறை போதாது, பதில் ஒவ்வொரு தடவையும் மாறும். யாருக்கு ‘கவலைப்படாதீர்கள்’ வருகிறது, யாருக்கு நேரே வழிமுறை வருகிறது என்று எண்ணுங்கள். பாட்டை இயக்கும் ஏஐ மாடலை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.