இரண்டு ஆலன்களும் ஒரு தக்காளித் துண்டும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பிரெஞ்சுக்காரர் ஆலன் ராப்-கிரியே நிலைத்து நிற்பது நாவலாலா, சினிமாவாலா என்பது தலைப்பு. நான் நாவல் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், 1961-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கிய 'மரியன்பாத்தில் சென்ற ஆண்டு' படத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அண்ணே, அதை இயக்கியவர் ஆலன் ரெனே! நம்ம ஆலன் திரைக்கதை எழுதினார். ஆக, நீங்கள் தூக்கிக் காட்டிய சிங்கத்தில் பாதி எங்கள் பங்கு. இவரே இயக்கிய முதல் படம் 1963-இல்தான் வந்தது.

மனுஷன் படித்தது விவசாயம், நடுவர் அவர்களே. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் வாழைக்கு வரும் நோயை ஆராய்ந்தவர். எழுத வந்த பிறகும் வாழை அவரை விடவில்லை. 1957-இல் வந்த 'பொறாமை' நாவலில், எந்த வரிசையில் எத்தனை வாழை என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. "அதனால்தான் போணியாகவில்லை" என்றார் அண்ணன். வந்த புதிதில் போணியாகவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணுவது யார்? மனைவி பக்கத்துத் தோட்டக்காரனோடு வராந்தாவில் பேசிக்கொண்டிருக்கிறாள். எண்ணிக் கதை சொல்லும் கணவன் 'நான்' என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் மூன்றாவதாக ஒரு தட்டு இருக்கிறதே, அதை வைத்துத்தான் அங்கே இன்னொரு ஆள் இருப்பதே நமக்குப் புரிகிறது. சுவரில் நசுங்கிய பூரானின் கறை திரும்பத் திரும்ப வருகிறது. வாழையை எண்ண எண்ண அவன் வயிறு எரிவது நமக்குத் தெரிகிறது. கேமராவை வைத்தால் அது வெறும் வாழைத்தோப்பு!

2004-இல் பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏற்புரையை முன்கூட்டியே எழுதிக் கொடு என்றதற்கு மாட்டேன் என்றார். 2008-இல் சாகும்வரை அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. (இங்கே நாங்கள் எழுதிவைத்துத்தான் பேசுகிறோம், அது வேறு.)

மணி அடிக்கிறீர்கள். ஒரே ஒரு தக்காளி, முடித்துவிடுகிறேன். 1953-இல் வந்த 'அழிப்பான்கள்' நாவலில் துப்பறிய வந்தவன் சாப்பிட உட்காருகிறான். தட்டில் கால்பங்குத் தக்காளி. இயந்திரம் வெட்டியதுபோல் குறையே இல்லை என்று ஆரம்பித்துத் தோல், சதை, விதை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நாமும் நம்பிக்கொண்டே போகிறோம். கடைசியில்தான், ஒரு மூலையில் தோல் லேசாகப் பிய்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறது என்கிறார். அண்ணே, உங்கள் கேமரா தக்காளியையும் அந்தத் தோலையும் ஒரே நொடியில் காட்டித் தொலைத்திருக்கும்!