மூன்றாம் நாள் வலி எங்கிருந்து வருகிறது? – பழனி பாதயாத்திரை வ்லாக்

வணக்கம் மக்களே. நத்தத்தில் ஒரு மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். காரைக்குடியில் கிளம்பி இன்றோடு மூன்று நாள். பின்னால் காவடிக்காரர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சத்தம் வரும்.

காலைக் காட்டுகிறேன், பாருங்கள். இந்த ஆடுசதையை அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது. தொடையின் முன்பக்கம் கை பட்டாலே வலிக்கிறது. திண்ணையில் ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் உயிர் போகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்க வேண்டும். தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த வலி உடனே வராது, 24 மணி நேரத்தில் இருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகிற லாக்டிக் அமிலம் தேங்கியதால்தான் இந்த வலி என்பார்கள். ஆனால் அது நடந்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் இருந்து குறைந்துவிடும். இன்றைக்கு என் தொடையில் இருப்பது முதல் நாள் நடையின் வலி.

போன வருடம் முதல் நாளே கூட்டத்தோடு சேர்ந்து விறுவிறுவென்று நடந்து சிங்கம்புணரி வரை போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை, பஸ் ஏறினேன். ஜன்னல் வழியே நடந்து போகிறவர்களைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. இந்த முறை முதல் நாள் சிங்கம்புணரிக்கு முன்னாலேயே வருகிற திருப்பத்தூரோடு நிறுத்திக்கொண்டேன். வலி இருக்கிறது, ஆனால் நடக்க முடிகிறது.

சரி, சாயங்காலம் வந்ததும் என்ன செய்கிறேன்? முதலில் சாப்பாடு. தசைக்குள் இருக்கிற மாவுச்சத்துச் சேமிப்பு காலியாகியிருக்கும், அது முழுக்க நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதனால் மண்டபத்துக்குள் வந்ததுமே பானகம், அப்புறம் அன்னதானத்தில் சாம்பார் சாதம். கிழிந்த தசையைக் கட்ட புரதம் வேண்டும். விரதத்தில் முட்டை, மீன் கிடையாது, அதனால் சுண்டல், பால், வறுத்த வேர்க்கடலை. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பாலும் பழமுமாவது இரண்டு மூன்று தடவை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு நாலு நாள் நடந்தால் கால் எதை வைத்துத் தேறும்?

சுவரில் காலைத் தூக்கி வைத்து கால் மணி நேரம் படுக்கிறேன், பாத வீக்கம் வடிகிறது. நல்லெண்ணெய் தடவி, கணுக்காலில் இருந்து மேல்நோக்கி மெதுவாக நீவிவிடுகிறேன். குத்திப் பிசைய வேண்டாம். காலை இழுத்து நீட்டுகிற பயிற்சி இதமாக இருக்கும், ஆனால் மறுநாள் வலியை அது பெரிதாகக் குறைப்பதில்லை. தூக்கம்தான் பெரிய மருந்து. பாட்டு நிற்காது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டே நடக்காதீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

நாளைக்கு 3 மணிக்குக் கிளம்புகிறோம். முதல் அரை மணி நேரம் ஆமை வேகம்தான், சூடு ஏறினால் கால் தானாக இளகும். கோபால்பட்டியில் வெயிலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள், வருகிறேன்.