கைப்பையில் ஊசி நூல்: விமானத்தில் எது ஏறும், எது ஏறாது

(திரையில்: பாதி பின்னிய மஞ்சள் நிறக் குழந்தை ஸ்வெட்டர், பக்கத்தில் பாஸ்போர்ட்)

வணக்கம். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்புகிற அம்மாக்கள் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. பேரப்பிள்ளைக்குப் பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரை ஊசியோடு கைப்பையில் எடுத்துப் போகலாமா? சென்னையிலிருந்து சிகாகோ போய்ச் சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரம் கை சும்மா இருந்தால், பின்னிப் பழகியவர்களுக்கு அதைவிடக் கஷ்டம் கிடையாது.

எடுத்துப் போகலாம். ஆனால் நீங்கள் போகும் வழியில் ஒரே ஒரு விதி இல்லை. சென்னையில் ஒரு சோதனை. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் என்று எங்கே விமானம் மாறினாலும் அங்கே இன்னொரு சோதனை. சிங்கப்பூர் சாங்கியில் பல டெர்மினல்களில் போர்டிங் கேட் வாசலிலேயே சோதிப்பார்கள். முதல் ஊரில் விட்டுவிட்டார்கள் என்பதை அடுத்த ஊரில் சொல்லிப் பயனில்லை. அதனால் வழியில் எந்த ஊர் ரொம்பக் கண்டிப்போ, அந்த ஊரை மனதில் வைத்துப் பையை அடுக்குங்கள்.

முதலில் அமெரிக்கா. அங்கே சோதனை செய்வது டிஎஸ்ஏ (TSA), அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் உருவான அமைப்பு. ஆரம்பத்தில் கூர்முனைக் கத்தரிக்கோல் எதற்கும் கேபினில் இடமில்லை. 2005 டிசம்பரில் தளர்த்தினார்கள். சின்னக் கத்தரிகளைத் தேடிப் பிடிக்கிற நேரத்தில் வெடிபொருளைத் தேடலாம் என்பது அப்போது சொன்ன காரணம். இன்று அவர்கள் பட்டியலில் தையல் ஊசி, ஸ்வெட்டர் பின்னும் ஊசி, குரோஷா ஊசி எல்லாம் கைப்பையில் வரலாம். கத்தரிக்கோல் நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

(திரையில்: கத்தரிக்கோலின் நடுத் திருகில் ஸ்கேலை வைத்து நுனிவரை அளக்கும் கை)

இந்த நான்கு அங்குலத்தை எங்கிருந்து அளக்க வேண்டும் என்று பாருங்கள். கைப்பிடியிலிருந்து அளக்கக் கூடாது. இரண்டு அலகும் சேரும் இடத்தில் ஒரு திருகு இருக்கிறதல்லவா, அங்கிருந்து நுனி வரை. ஐரோப்பாவில் அளக்கும் இடம் அதே, ஆனால் வரம்பு ஆறு சென்டிமீட்டர். நான்கு அங்குலம் என்பது பத்து சென்டிமீட்டர். ஆக, சிகாகோவில் தாராளமாகப் போகிற கத்தரி ஃபிராங்க்ஃபர்ட்டில் மாட்டும்.

சரி, கொக்கு வடிவத்தில் தங்க நிறத்தில் வருமே, அந்தக் குட்டி எம்பிராய்டரி கத்தரி? அதன் அலகு ஆறு சென்டிமீட்டருக்குள்தான். இரண்டு ஊர் அளவுக்கும் பொருந்தும். ஆனால் அது மாட்டக்கூடிய இடம் நம் ஊர். கூர்முனை உள்ள உலோகக் கத்தரி இந்திய விமான நிலையங்களில் கைப்பைக்குத் தடை செய்த பொருள். அளவு சின்னது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதுவும் தடைசெய்த பொருள் குப்பைத்தொட்டிக்குப் போனால் திரும்பி வராது. வழியனுப்ப வந்தவர்கள் டெர்மினலுக்கு வெளியே நிற்பார்கள், அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வழி கிடையாது. பெரிய பெட்டியும் அதற்குள் பெல்ட்டில் போயிருக்கும். அம்மா கொடுத்த கத்தரி, வெளிநாட்டிலிருந்து வந்த கத்தரி என்று எதையாவது பாசமாக வைத்திருந்தால் செக்-இன் பெட்டியில் போடுங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அப்போ நூலை எதால் வெட்டுவது? பள்ளிப் பிள்ளைகளின் முனை மழுங்கிய கத்தரி ஒன்றைக் கொண்டு போகலாம். அதையும் வேண்டாம் என்று சொல்கிற அதிகாரி இருப்பார், விலை குறைவுதான், போனால் போகட்டும். குரோஷா பின்னுபவர்கள் நகவெட்டியால் வெட்டுவது உண்டு. அதுவும் டிஎஸ்ஏ பட்டியலில் அனுமதி உள்ள பொருள். அதைவிட எளிய வழி, வேண்டிய நீளங்களில் நூலை வீட்டிலேயே வெட்டி அட்டையில் சுற்றிக்கொள்வது. குறுக்குத் தையல் போடுபவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும்.

கழுத்தில் பதக்கம் மாதிரி தொங்கவிடுகிற நூல் வெட்டி ஒன்று இருக்கிறது. பார்க்க அப்பாவியாக இருக்கும். உள்ளே வட்ட பிளேடு ஒளிந்திருப்பதால் டிஎஸ்ஏ அதைக் கைப்பையில் விடுவதில்லை. துணி வெட்டும் ரோட்டரி கட்டரும் அப்படியே. இரண்டையும் செக்-இன் பெட்டியில், நுனியை அட்டையோ துணியோ சுற்றி வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள் கையைக் கிழிக்கக் கூடாது.

இப்போது ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி. சென்னையிலும் மதுரையிலும் ஆரி கற்காத தெரு குறைவு. வளைகாப்பு பிளவுஸை அங்கே போய் மகள் கண்முன் முடித்துத் தரலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஆசையை நான் முழுசாக ஆதரிக்கிறேன். ஆனால் விமான சீட்டில் ஆரி போட வேண்டாம். துணி ஃப்ரேமில் முரசு மாதிரி இழுத்து நிற்க வேண்டும், ஒரு கை மேலே ஊசியோடு, இன்னொரு கை அடியில் நூலோடு. மடியில் சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் இது நடக்காது. ஊசியும் சோதனையில் சந்தேகத்தைக் கிளப்பும். மரக்கைப்பிடி, அதில் கம்பி, முனையில் கொக்கி. தெரியாதவர் கண்ணுக்கு அது ஏதோ குத்தூசி. முனையை ஒரு ரப்பரில் குத்திச் செக்-இன்னில் போட்டுவிடுங்கள்.

டிசைன் டிரேஸிங்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஓட்டை குத்திய பேப்பர் மேல் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பதுதானே நம் வழக்கம். மண்ணெண்ணெய்க்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை, சின்ன பாட்டிலானாலும் சரி. டிரேஸ் செய்த துணியை வாடை போகும்வரை நன்றாக உலர்த்திய பிறகே மடியுங்கள். துணியில் அடிக்கிற ஸ்ப்ரே பசையும், மூக்கைத் துளைக்கும் ரப்பர் சொல்யூஷனும் எளிதில் தீப்பிடிப்பவை, அவையும் வேண்டாம். ஸ்டோன் ஒட்டுகிற சாதாரண கம் கைப்பையில் வரலாம், ஆனால் பாட்டில் நூறு மில்லிக்குள் இருக்க வேண்டும். இருநூறு மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும் எடுத்துவிடுவார்கள், அவர்கள் பார்ப்பது பாட்டில் அளவை.

பொடிகளுக்கும் ஒரு விதி உண்டு. 2018 ஜூன் 30 முதல், அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், தீர்மானிக்க முடியாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். துணிச் சாயப்பொடி, மினுக்குப் பொடி, கோலப்பொடி எல்லாமே செக்-இன்னில்.

(திரையில்: எக்ஸ்ரே படம், ஆரஞ்சு நிற நூற்கண்டின் நடுவே கருநீலக் கோடுகள்)

இந்தப் படத்தைப் பாருங்கள். எக்ஸ்ரே திரையில் நூல், துணி, மரம், பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சாகத் தெரியும். உலோகம் நீலமாகத் தெரியும், தடிமன் கூடக் கூடக் கருநீலம். நூற்கண்டுக்குள் குத்தி வைத்த இரண்டு ஸ்டீல் ஊசி, கூடவே ஜரிகைக் கண்டுகள், சார்ஜர் வயர், சில்லறைக் காசு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் பார்க்கிறவருக்கு எதுவும் பிரியாது. பையைத் திறக்கச் சொல்வார். மூங்கில் ஊசி என்றால் நூலோடு நூலாக ஆரஞ்சில் கலந்துவிடும். விமானத்துக்கு நான் மூங்கிலைத்தான் சொல்வேன். எடை குறைவு, கண்ணி (ஊசியில் நிற்கிற நூல் வளையம்) வழுக்காது, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பும் டிக் டிக் சத்தமும் இல்லை. நீள ஊசியைவிட, இரண்டு குட்டி ஊசியை வயரால் இணைத்த வட்ட ஊசி இன்னும் நல்லது, முழங்கை பக்கத்து சீட்டுக்குப் போகாது. எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிப் பையில் போட்டுப் பையின் மேலாக வையுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் சோதனையில் நிற்கும் அதிகாரி முடியாது என்று சொல்லலாம். பட்டியலில் அனுமதி இருந்தாலும் கடைசி முடிவு அவருடையது என்று டிஎஸ்ஏயே எழுதி வைத்திருக்கிறது. பின்னல் ஊசி விஷயத்தில் நம் ஊரிலும் முடிவு பணியில் இருப்பவர் கையில்தான். அதற்கு ஒரு முன்னேற்பாடு இருக்கிறது. பின்னுகிறவர்கள் இதை லைஃப்லைன் என்பார்கள்.

(திரையில்: ஊசியில் நிற்கும் கண்ணிகள் வழியாகச் சிவப்பு நூல் நுழையும் நெருக்கக் காட்சி)

வேறு நிறத்தில், வழுவழுப்பான பருத்தி நூல் ஒன்றை மொட்டை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பின்னல் ஊசியில் நிற்கிற ஒவ்வொரு கண்ணி வழியாகவும் அதை நுழைத்துக்கொண்டே போங்கள். ஒரு கண்ணியும் விடுபடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு சாண் நூல் தொங்கவிட்டு முடிச்சுப் போடுங்கள். இப்போது ஊசியை உருவினாலும் வேலை அவிழாது, கண்ணிகள் சிவப்பு நூலில் பத்திரமாக நிற்கும். ஊசி போனால் ஊசி மட்டும்தான் போகும். ஐந்து நிமிட வேலை, வீட்டிலிருந்து கிளம்பும் முன் செய்துவிடுங்கள். மாற்று ஊசி ஒன்றைச் செக்-இன் பெட்டியிலும் போட்டு வைத்தால் இறங்கியதும் தொடரலாம்.

விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் குலுங்கும்போதும் வேலையை மடித்து வையுங்கள். கழுத்தில் மாட்டுகிற குட்டி விளக்கு இருந்தால் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவில்லை. அதற்கான பவர் பேங்க், கூடுதல் லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன்னில் போடவே கூடாது. ஊசி கீழே விழுந்தால் தேட ஒரு சின்னக் காந்தம் உதவும்.

தையல் மெஷினைக் கேபினில் கொண்டு போக டிஎஸ்ஏ அனுமதிக்கிறது. ஆனால் பல விமான நிறுவனங்களின் ஏழு கிலோ கைப்பை வரம்பில் அது அடங்குவது கடினம். நம் ஊர் மெஷின் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

திரும்பி வரும்போதும் இதே கணக்கு உண்டு. அமெரிக்கக் கடைகளில் அழகான கத்தரிகளும் ரோட்டரி கட்டர்களும் வாங்கியிருப்பீர்கள், அவை எல்லாம் பெரிய பெட்டிக்கு. டெல்லியிலோ மும்பையிலோ இறங்கிச் சென்னைக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள் மறுபடி சோதனையைத் தாண்ட வேண்டும். அங்கே பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து மறுபடி ஒப்படைக்கும்போது, வழியில் வெளியே எடுத்த கத்தரி எதுவும் கைப்பையில் தங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.