அரை டன் மோட்டார்தானே? போர்வெல் வேலைக்குப் போன கிரேன் வண்டி வ்லாக்

வணக்கம். மைக் சரியாக இருக்கிறதா? சரி, கேட்கிறது. மணி இப்போது ஏழு. பல்லடம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறேன். பின்னால் தெரிவது நம் வண்டி. சின்ன லாரி, கேபினுக்குப் பின்னால் கிரேன். அதோ, அந்த வாழைக்குப் பக்கத்தில் இரும்பு மூடி தெரிகிறதே, அதுதான் போர். 500 அடி. உள்ளே மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை. தூக்க வேண்டும்.

போன வீடியோவில் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "அண்ணா, உங்கள் கிரேன் எத்தனை டன்?" இன்றைக்கு வேலையைக் காட்டிக்கொண்டே அதற்குப் பதில் சொல்கிறேன். ஏனென்றால் அந்தக் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது.

முதலில் வண்டி. இது பேட்டரியில் ஓடும் ஹைட்ராலிக் கிரேன். பெரிய லாரி கிரேன்களில் இன்ஜின் சுழற்சியை வெளியே எடுக்கும் பிடிஓ போட்டு பம்பைச் சுற்றுவார்கள். இதில் இந்தப் பெட்டிக்குள் ஒரு 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது, அதுதான் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலைத் தள்ளும், ஆயில் சிலிண்டரைத் தள்ளும், பூம், அதாவது கிரேனின் இந்த நீண்ட கை, எழும்பும். லாரி மேல் ஹைட்ராலிக் கிரேன் என்பதே 1940-களில் ஸ்வீடனில் பிறந்த யோசனை. ஹியாப் கம்பெனியை 1944-ல் ஆரம்பித்த எரிக் சுண்டின், பனிச்சறுக்குக் கட்டை செய்து விற்றவர். மர வேலைக்காரருக்கு மரம் தூக்குவதுதான் தலைவலியாக இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

சரி, எத்தனை டன்? இந்தத் தகட்டைப் பாருங்கள். கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன், வெயிலில் பளபளக்கிறது. 2 மீட்டரில் 1000 கிலோ. 3 மீட்டரில் 650. 4 மீட்டரில் 480. எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள், எங்கே பெருக்கினாலும் கிட்டத்தட்ட 2 டன்-மீட்டர்தான். அதனால் "எத்தனை டன்" என்று கேட்டால் பதில் கிடையாது. "எவ்வளவு தள்ளி" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில்.

அந்தத் தூரத்தை எங்கிருந்து அளப்பது? பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வண்டியின் பாடியிலிருந்து டேப் பிடிக்கிறார்கள். அப்படி இல்லை. கிரேன் எந்த நடுக்கம்பத்தைச் சுற்றித் திரும்புகிறதோ, அதன் மையத்திலிருந்து ஹூக் நேர் கீழே தொங்கும் இடம் வரை அளக்க வேண்டும். பாடியிலிருந்து பிடித்தால் ஒரு மீட்டர் குறைத்துக் காட்டும். 2 என்று நினைத்துத் தூக்குவீர்கள், உண்மையில் 3-ல் நிற்பீர்கள்.

இப்போது தோட்டக்காரர் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "அரை டன் வருமுங்க தம்பி, அவ்வளவுதான்." அவரைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் குழாயை மட்டும்தான் மனதில் எடை போடுவார்கள். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே இருப்பது ஒன்றரை இஞ்ச் ஜிஐ குழாய், மீடியம். மீட்டருக்கு 3.6 கிலோ. 500 அடி என்றால் 152 மீட்டர். குழாய் மட்டும் 550 கிலோ. மோட்டாரும் பம்ப்பும் 60. கேபிள் 40. ஆக 650. 3 மீட்டரில் 650 தூக்கலாம் என்று தகடு சொல்கிறது. "அப்போ சரியாப் போச்சே" என்று நீங்கள் நினைக்கிறீர்கள் இல்லையா?

தண்ணீர்! பம்புக்கு மேலே நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. மோட்டார் நின்றாலும் குழாயில் ஏறிய தண்ணீர் கீழே இறங்காது. இந்தக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் நிற்கும். போரில் தண்ணீர் மட்டம் 400 அடி என்கிறார் ஐயா. மட்டத்துக்குக் கீழே இருக்கிற குழாய்க்குள் உள்ள தண்ணீரின் எடை ஹூக்கில் விழாது, வெளியேயும் தண்ணீர்தானே தாங்குகிறது. மட்டத்துக்கு மேலே உள்ள 400 அடி, அதாவது 120 மீட்டர் சொச்சம், அது மொத்தமும் நம் தலையில்தான். 170 கிலோ. அப்புறம் கிளாம்ப், ஷேக்கிள், ஹூக் பிளாக், ஒரு 25 கிலோ. கூட்டினால் 845.

அரை டன் என்று வந்தது 845 கிலோவாகிவிட்டது. 3 மீட்டரில் தூக்கவே முடியாது, 2 மீட்டருக்குள் வர வேண்டும். அதுவும் போர் சேற்றில் சிக்காமல், மோட்டார் சுகமாக வந்தால் இந்தக் கணக்கு.

ஓவர்லோடு கட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அளவு மீறினால் மேலே தூக்குவதையும் பூமை நீட்டுவதையும் நிறுத்திவிடும், இறக்கவும் உள்ளே இழுக்கவும் மட்டும் விடும். ஆனால் தரை கீழே போவது அதற்குத் தெரியாது. தலைக்கு மேலே ஈபி லைன் போவதும் தெரியாது. ஆயில் அழுத்தம் அளவு மீறாமல் பார்க்கும் ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினால் "கிரேனுக்கு சக்தி வரும்" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். சக்தி வராது, இரும்புதான் கிழியும்.

இப்போது பிரச்சினையைப் பாருங்கள். கெட்டியான பாதை அங்கே இருக்கிறது, அங்கே நின்றால் போர் 3.2 மீட்டர். 2 மீட்டருக்கு வர வேண்டும் என்றால் இந்த வாய்க்கால் ஓரம் நிற்க வேண்டும். மண் கரிசல். நேற்று பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். கிட்டே போனால் சுமை குறைகிறது, தரை இளகுகிறது. இந்த வேலையின் தலைவலியே இதுதான்.

வண்டி சாயாமல் தரையில் ஊன்றுகிற கால்தான் ஜாக்கி. அதன் அடிக்கட்டை இதோ. 20 சென்டிமீட்டருக்கு 20. 400 சதுர சென்டிமீட்டர். இதன் மேல் 3 டன் இறங்குகிறது என்று வையுங்கள், சதுர சென்டிமீட்டருக்கு ஏழரை கிலோ. ஈரக் கரிசலில் அது கத்தி மாதிரி இறங்கும். இந்தக் கட்டையைப் பாருங்கள், ஸ்லீப்பர் கட்டைகளை போல்ட் போட்டுச் சேர்த்தது, 60-க்கு 60. ஒன்பது மடங்கு பரப்பு. அதே 3 டன் இப்போது 0.83 கிலோவாகிவிடும். தம்பி, இதை அங்கே போடு. இல்லை, வாய்க்காலைத் தொடாமல் இன்னும் இந்தப் பக்கம். ஆம், அப்படித்தான்.

இரண்டு பக்க ஜாக்கியையும் முழுதாக வெளியே இழுத்துவிட்டேன். சுமை ஒரு பக்கம்தானே, மறு பக்கம் பாதி போதும் என்று விடாதீர்கள். பூம் சுற்றும்போது எல்லாப் பக்கமும் அதன் பக்கம்தான். டயர் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு ஜாக்கியை ஏற்ற வேண்டாம். ஸ்பிரிங்கின் மேல் பாரம் குறைந்தால் போதும். பார்க்கிங் பிரேக் பிடிப்பது டயரில்தான், டயர் அந்தரத்தில் நின்றால் பிரேக்குக்கு வேலையே இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டட வேலையில், மேலே ஜல்லி கொட்டிச் சமப்படுத்தியிருந்த இடம். பார்க்க ரோடு மாதிரி இருந்தது. ஜெனரேட்டரைத் தூக்கி அரைச் சுற்று சுற்றினேன், இடது ஜாக்கி "புஸ்" என்று இறங்கியது. கீழே பழைய செப்டிக் டேங்க், மூடி மண் போட்டிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி சாய்ந்து, ஜெனரேட்டர் தரையைத் தொட்டதால் நின்றது, இல்லாவிட்டால் இந்தச் சேனலே இருந்திருக்காது. அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "இங்கே கீழே என்ன இருக்கிறதுங்க?"

இப்போது மேலே பாருங்கள். கேமராவைத் திருப்புகிறேன். தென்னைக்கு நடுவில் மூன்று கம்பி போகிறதா? அதுதான் பெரிய லைன், அந்த மூலையில் ட்ரான்ஸ்ஃபார்மர். 20 அடிக் குழாயை முழுசாக வெளியே எடுக்க பூம் நுனி 7 மீட்டருக்கு மேல் போகும். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் 50 கிலோவோல்ட் வரை 10 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நான் 15 அடி வைத்துக்கொள்வேன். காற்றில் பூமும் ஆடும், கம்பியும் ஆடும். இங்கே போருக்கும் லைனுக்கும் 40 அடி இருக்கிறது, அதனால் தூக்குவோம். கிட்டே இருந்தால் லைன்மேனைக் கூப்பிட்டு லைன் கிளியர் வாங்கிய பிறகுதான். கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சை நாமே கீழே இழுத்துவிடலாம் என்கிற வேலையே வேண்டாம்.

இதில் நம் மாதிரி வண்டிக்கு ஒரு தனி ஆபத்து. இந்த ரிமோட்டைப் பாருங்கள். வயர் உள்ளது. பூம் லைனைத் தொட்டால் வண்டி முழுக்க கரண்ட், வயர் வழியாக என் கைக்கும் வரலாம். நான் நிற்பதோ வெறும் தரையில். கேபினில் இருக்கும் டிரைவராவது உள்ளேயே உட்கார்ந்து தப்பிக்கலாம். அதைவிட மோசம் தம்பிக்கு. ஹூக்கில் தொங்கும் இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நிற்பவன் அவன்தான்.

சரி, தூக்கும் பெல்ட். ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். இன்றைக்கு பச்சை. ஓரத்தில் வெட்டு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கிறேன்... இல்லை. ஹூக் நாக்கு மூடுகிறதா? மூடுகிறது. விஞ்ச் டிரம்மில் ரோப் மூன்று சுற்றாவது எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த மாதிரி கிரேன், கயிறு, செயின் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 29-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். தோட்டத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். கயிற்றுக்குத் தோட்டம், தொழிற்சாலை என்று வித்தியாசம் தெரியாது.

கொஞ்சம் தூக்குகிறேன். அரை இஞ்ச் மட்டும். நிறுத்து. கிளாம்ப் சரியாகப் பிடித்திருக்கிறதா பார் தம்பி. கட்டை இறங்குகிறதா?

"ஒரு விரல் இறங்கிருக்குண்ணா."

ஒரு விரல் சரி. இரண்டு நிமிடம் இப்படியே நிற்கட்டும், மேலும் இறங்குகிறதா பார்ப்போம்.

அதற்குள் பேட்டரி விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்த மோட்டார் 2 கிலோவாட். 12 வோல்ட்டில் 170 ஆம்ப் குடிக்கும். என் வண்டி ஆல்டர்னேட்டர் கொடுப்பது 70. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தாலும் தூக்கும் நேரத்தில் 100 ஆம்ப் பேட்டரியிலிருந்துதான் போகிறது. அதனால்தான் ஒரு தூக்கு, ஒரு ஓய்வு. குழாயைக் கழற்றும் நேரம் நமக்கு ஓய்வு, மோட்டாருக்கும் ஓய்வு. தொடர்ந்து அமுக்கினால் வோல்ட்டேஜ் இறங்கும், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலே "டர்ர்ர்" என்று துடிக்கும், உள்ளே இருக்கும் இரண்டு செம்பும் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்படி ஒரு முறை ஆனது. பட்டனை விட்டுவிட்டேன், பம்ப் நிற்கவில்லை. ரிமோட்டைத் தட்டுகிறேன், வயரைப் பிடுங்குகிறேன், ஓடிக்கொண்டே இருக்கிறது. கேபிள் கருகும் நாற்றம். கடைசியில் இந்தச் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பினேன், மெயின் கட்-ஆஃப். இதற்கு முன்னால் சாமான் பெட்டி வைத்திருந்தேன், அதை நகர்த்தித்தான் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது பாருங்கள், முன்னால் ஒன்றும் இல்லை. காலி.

கட்டை இறங்கவில்லையா? நல்லது. போகலாம்.

...

சரி, இது பதினோராவது குழாய். சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து சிரிக்காதீர்கள். கழற்றும்போது உள்ளே நின்ற தண்ணீர் நம் மேல்தான் ஊற்றும். ஊற்றட்டும், ஆனால் அது எங்கே ஓடுகிறது பாருங்கள். நேராகக் கட்டைக்கு அடியில். ஒவ்வொரு குழாய்க்கும் சுமை 20 கிலோவுக்கு மேல் குறைகிறது, தரை அதைவிட வேகமாக ஊறுகிறது. சுமை குறைந்துவிட்டதே என்று அசந்தால் அங்கேதான் ஆபத்து. தம்பியை மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் கீறி விடச் சொன்னேன். இப்போது வாழைக்குப் போகிறது, ஐயாவுக்கும் சந்தோஷம்.

...

பதினேழாவதில் நின்றுவிட்டது. வரவில்லை. ஓவர்லோடு கட் ஆகிவிட்டது. ஐயா, "கொஞ்சம் ஆட்டி இழுங்க, வந்துரும்" என்கிறார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கணக்கில் இந்நேரம் 380 கிலோகூட இருக்கக் கூடாது, ஆயிரத்தைக் காட்டி நிற்கிறது என்றால் கீழே ஏதோ பிடித்திருக்கிறது. இப்போது நான் இழுப்பது மோட்டாரை இல்லை, பூமியை. குழாய் பட்டென்று விட்டால் வளைந்து நிற்கிற பூம் மேலே துள்ளும், வண்டியும் துள்ளும். கிளாம்பைப் போர் வாயில் உட்கார வைத்துவிட்டு, ஹூக்கை லூஸ் செய்துவிட்டேன். சிக்கிய மோட்டாரை எடுக்கிற ஆட்கள் தனி, அவர்களிடம் கேசிங், அதாவது போரின் வெளிக்குழாய், அதன் வாயிலேயே வைத்துத் தள்ளுகிற ஜாக்கி இருக்கிறது. ஐயாவிடம் நம்பர் கொடுத்தேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பாதிக் கூலி போதும் என்றேன், மோர் கொடுத்தார்.

பூமை மடக்கி, பூட்டுகிற பின்னைப் போட்டு, தம்பி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். ஜாக்கி இரண்டும் உள்ளே. கட்டையை எடுத்த இடத்தில் இரண்டு இஞ்ச் பள்ளம், நான்கு பக்கமும் ஒரே ஆழம். இதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். வெளியே போகிற பாதையில் அந்த லைன் தாழ்ந்து போகிறது, தம்பி முன்னால் இறங்கி நடந்து காட்டுவான். நான் ஓட்டும்போது பேச மாட்டேன், கேமராவை இங்கேயே நிறுத்துகிறேன்.