ரஷ்ய மொழிக்குத் தமிழ்வழி

அவைத் தலைவர் அவர்களே, ரஷ்ய மொழிப் பேராசிரியர் அம்மையார் அவர்களே, புத்தகம் போடுவதையே தவமாகக் கொண்ட பதிப்பாளர் ஐயா அவர்களே, மருத்துவம் படிக்க ரஷ்யா புறப்படும் பிள்ளைகளே, அவர்களை அனுப்பிவிட்டுத் தூக்கம் தொலைக்கப்போகும் பெற்றோர்களே, வணக்கம்.

எழுத்து, வேற்றுமை, வினை என மூன்றைப் பற்றிப் பேசுவதாக உத்தேசம். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பார்கள். ரஷ்ய மொழிக்குக் கையும் வேண்டும், நாவும் வேண்டும்.

எழுத்துகள் 33தான். 247 படித்த நமக்கு ஒரு வார வேலை. வில்லங்கம் கையால் சேர்த்து எழுதும் கூட்டெழுத்தில். அச்சில் ஆங்கில ‘டி’ போல நிற்கும் தகரம், கையெழுத்தில் சின்ன ‘எம்’ ஆகிவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் அச்சிலா வரும்? அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் எழுதிப் பழகும் ‘ப்ரோபிசி’ நோட்டை வாங்கி, தினம் ஒரு பக்கம் எழுதுங்கள்.

அடுத்தது நா. அழுத்தம் விழாத ‘ஒ’ ஏறத்தாழ ‘அ’ ஆகும். பால், எழுத்தில் ‘மொலொகோ’, வாயில் ‘மலக்கோ’. அழுத்தம் எங்கே விழும் என்பதற்குப் பொது விதி இல்லை. சாதாரணப் புத்தகங்களில் குறியும் போடமாட்டார்கள்.

கசான் நகரத்தில் ஒரு பையன் கடைக்குப் போகிறான் என்று வையுங்கள். ரொட்டி, பால், அரைக் கிலோ உருளைக்கிழங்கு எடுத்தாயிற்று. பின்னால் நாலு பேர் வரிசை. காசு எடுக்கப்போன நண்பனைத் தடுத்து, கல்லாவில் இருக்கும் அம்மாவிடம் மிடுக்காகச் சொல்கிறான்: ‘ப்லாச்சு!’ அந்த அம்மா அவன் முகத்தையே பார்க்கிறார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க, ‘ப்லாச்சு!’ வரிசையே எட்டிப் பார்க்கிறது. ‘ப்லச்சூ’ என்றால் பணம் கட்டுகிறேன். ‘ப்லாச்சு’ என்றால் அழுகிறேன். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே! உருளைக்கிழங்கு விலைக்கு அழுகிற பிள்ளையை அவர்கள் எங்கே கண்டார்கள்? நாப்பழக்கம் ஐயா, நாப்பழக்கம்!

வேற்றுமை அவர்களுக்கு ஆறு, நமக்கு எட்டு. ‘பேனாவால் எழுது’ என்பதற்குப் பெயரின் ஈற்றை மாற்றி ‘ரூச்கய்’ என்றால் போதும். ஆங்கில வழி போனவர் ‘வித்’தை நினைத்துக்கொண்டு முன்னால் ‘ஸ்’ சேர்ப்பார், ‘பேனாவோடு’ ஆகிவிடும். ‘ஆல்’ வேறு, ‘ஓடு’ வேறு என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியுமே! ‘நான் மருத்துவர்’ என்பது ‘யா வ்ராச்’. ஆங்கிலத்தில் வருகிற ‘ஆம்’ (am) நடுவில் இல்லை, ‘ஏ’ (a) இல்லை. அவர்கள் தகரமும் நம்முடையது போலப் பல்லைத் தொடுவதுதான். பிறகு ஏன் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? சோவியத் அறிஞர்கள் பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் 1960இலேயே மாஸ்கோவில் தமிழ்–ரஷ்ய அகராதி வெளியிட்டார்கள். அவர்கள் நம்மிடம் நேராக வந்தார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வினை, செய்துகொண்டிருப்பதற்கு ஒன்று, செய்து முடிப்பதற்கு ஒன்று எனச் சோடியாக வரும். சோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். சென்னை கஸ்தூரி ரங்கா சாலை ரஷ்ய மையத்தில் வகுப்பு உண்டு. மாஸ்கோ புஷ்கின் கழகம் இணையத்திலும் பாடம் நடத்துகிறது.

அயலாருக்கான ரஷ்யத் தேர்வின் தொடக்க நிலைக்கு வேண்டியவை 780 சொற்கள். பதிப்பாளர் ஐயா, அந்த 780-ஐயும் அழுத்தக் குறியும் தமிழ்ப் பொருளுமாகச் சட்டைப்பையில் அடங்கும் நூலாகப் போடுங்கள். மெய்ப்புப் பார்க்க அம்மையார் தலையசைத்துவிட்டார், சபையும் பார்த்துவிட்டது. நன்றி, வணக்கம்.