பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். மக்கள் கூடிப் பொதுவிஷயங்களை விவாதிக்கும் இடம் இன்று என்னவாகிறது என்று கேட்கும் ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் யூர்கன் ஹாபர்மாஸ் 2022-இல், தமது 93-ஆவது வயதில் வெளியிட்டது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நூல் மெலிந்ததுதான், ஆனால் அறுபது ஆண்டுக்கு முன் அவரே தொடங்கிய ஒரு பேச்சின் தொடர்ச்சி அது.

அந்தத் தொடக்கம் 1962-இல் வந்த அவருடைய பெரிய நூல். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் காப்பிக்கடைகள் பெருகின. வணிகர்களும் படித்தவர்களும் அங்கே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அரசாங்கம் செய்வது நியாயமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அரண்மனையும் இல்லை, வீடும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம். பேசுகிறவர் எவ்வளவு பெரியவர் என்பது அங்கே கணக்கில்லை, சொல்லும் காரணம் எடுபட வேண்டும். இதைத்தான் நாம் தமிழில் பொதுவெளி என்கிறோம்.

அதைப் படித்தபோது என் கண்ணுக்கு லண்டன் தெரியவில்லை. மலேசியாவின் சிலாங்கூரில் நாங்கள் இருந்த தோட்டத்து லயம்தான் தெரிந்தது, தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகள். மாலையில் தாத்தா வாசலில் உட்கார்ந்து 'தமிழ் நேசன்' வாசிப்பார். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கி, 2019-இல் நின்றுபோன நாளிதழ். எங்களுக்கு அது ஒருநாள் பிந்தித்தான் வந்து சேரும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஒரு செய்தி முடிந்ததும் தாத்தா பேப்பரை மடியில் வைத்துவிடுவார். யாராவது அதைப் பற்றிப் பேசினால்தான் அடுத்த செய்தி. காலையில் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், கங்காணி முன்னால் தலைகுனிந்து நின்றவர்கள் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்கள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி சமைத்துக்கொண்டிருப்பாள். எல்லாம் அவள் காதில் விழும். ஒருநாளும் வாசலுக்கு வந்து கருத்துச் சொன்னதில்லை. இராத்திரி சோறு போடும்போது தாத்தாவிடம் சொல்வாள். மறுநாள் மாலை அதே பேச்சு தாத்தாவின் பேச்சாக வாசலில் கேட்கும்.

ஹாபர்மாஸின் காப்பிக்கடைக்கும் இப்படி ஒரு சுவர் இருந்தது என்று எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நான்சி ஃப்ரேசர். பெண்களும் உழைப்பாளிகளும் அந்த மேசைக்கு வர முடியவில்லை என்று 1990-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று வேறு பொதுவெளிகளை அமைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். அவற்றுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, தங்களுக்குள் ஒதுங்கிக் கூடித் தங்கள் சொற்களைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, அந்தச் சொற்களோடு வெளியே போய் ஊரோடு வாதாடப் பழகுவது. தோட்டத்துத் தமிழர்களுக்கு ஒரு தமிழ் நாளிதழ் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இப்போது புதிய நூலுக்கு வருகிறேன். அச்சு எந்திரம் எல்லாரையும் வாசகர் ஆக்கக்கூடியதாக இருந்தது; இணையம் எல்லாரையும் எழுதுகிறவர் ஆக்கக்கூடியதாக இருக்கிறது என்கிறார் ஹாபர்மாஸ். ஆனால் எல்லாரும் வாசிக்கக் கற்க எத்தனை காலம் பிடித்தது என்று கேட்கிறார். எழுதவும் கற்க வேண்டும். கற்பிக்க யார் இருக்கிறார்கள்? நாளிதழுக்கு ஆசிரியர் உண்டு. வந்ததைச் சரிபார்ப்பார், வெளியிட்டதற்குப் பொறுப்பேற்பார். சமூக ஊடக நிறுவனங்கள் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை. எல்லாரையும் உள்ளடக்கும் ஊடக அமைப்பைக் காப்பது ஓர் அரசாங்கத்தின் விருப்பு வெறுப்பைச் சேர்ந்ததல்ல, அரசமைப்பே விதிக்கும் கடமை என்று அவர் எழுதுவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

எழுத்தின் மேல் அவருக்கு ஏன் இத்தனை நம்பிக்கை? பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர் அவர். பள்ளியில் தாம் பேசியது மற்றவர்களுக்குச் சரியாகப் புரியாமல் போனதை 2004-இல் கியோட்டோவில் ஆற்றிய உரையில் அவரே சொன்னார். பேச்சு தடுமாறியவருக்கு எழுத்து துணை நின்றது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய கடினமான வாக்கியங்களிடம் எனக்குப் பொறுமை வந்தது.

ஆனாலும் ஓரிடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. இணையத்தில் பொதுவெளி சிறு சிறு குழுக்களாக உடைவதை அவர் பெரும்பாலும் இழப்பாகவே பார்க்கிறார். ஒதுங்கிக் கூடுவது எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது. நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நான் காணும் குறை வேறு. ஃப்ரேசர் சொன்ன முதல் வேலை அங்கே இரவு பகலாக நடக்கிறது. இரண்டாவது வேலை நடப்பதில்லை. ஒரு தமிழ்ப்பள்ளிப் பிரச்சினைக்கு நானூறு குரல்பதிவுகள் வருகின்றன. அடுத்த வாரம் கேட்டால், அதைப் பற்றி நாளிதழுக்கோ பள்ளி வாரியத்துக்கோ ஒரு கடிதம்கூடப் போயிருக்காது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எட்டுப் பேர் சேர்ந்து இந்த நூலைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்து வருகிறோம். பொதுவெளி என்பதற்கான ஜெர்மன் மூலச் சொல்லில் 'திறந்திருத்தல்' என்ற பொருளும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். தமிழில் 'வெளி' என்றால் திறந்த இடம். வீட்டுக்குள் இல்லாத இடமும் அதுதான். அன்று எனக்குப் பாட்டி நின்ற அடுப்படி ஞாபகம் வந்தது.

போன ஞாயிறு, பத்திரிகை ஆசிரியரின் பொறுப்பைப் பேசும் பக்கங்களுக்கு வந்தோம். எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நூலை மூடிவிட்டுக் கேட்டார்: அந்த ஆசிரியர்கள் அன்றைக்குக் குப்பையில் போட்ட கடிதங்களில் பெண்கள் எழுதியவை எத்தனை? இந்த ஞாயிறும் அதைத்தான் பேசப்போகிறோம்.