படுத்த குட்டி எழவில்லை, என்ன செய்வது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இது காத்திருக்க முடியாத கேள்வி. ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஒரு மாத வெள்ளாட்டுக்குட்டி. நாலு நாளாகக் கழிச்சல். மருத்துவர் ஊசி போட்டார், கழிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து குட்டி எழுந்து நிற்கவே இல்லை, பக்கவாட்டில் படுத்தே கிடக்கிறது. பாலை வாயில் ஊற்றினால் பாதி வெளியே வழிகிறது. பிழைக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?"

பிழைக்குமா என்பதற்குக் குட்டியைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் ஒரு வேண்டுகோள்: இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பால் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, குட்டியின் வாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? விரலைச் சப்ப முயல்கிறதா, சும்மா கிடக்கிறதா? அப்புறம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வீட்டில் நாம் வைத்திருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், அதை அதன் பிறகு ஆட்டுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நல்ல குட்டிக்கு 102 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 100-க்குக் கீழே போயிருந்தால் அந்தக் குட்டி குளிர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போகும் பால் செரிக்காமல் அப்படியே தங்கிப் புளிக்கும். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அப்புறம்தான் பால். நம் மனசு இதற்கு நேர்மாறாக ஓடும். பாவம், நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று பால் பாட்டிலைத்தான் முதலில் எடுப்போம்.

சூடு கொடுப்பது எப்படி? கழிச்சலில் நனைந்த பின்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ரோமம் நன்றாகக் காயும்வரை துணியால் தேய்த்துவிடுங்கள். ஈர ரோமத்தோடு போர்வை போர்த்திப் பயனில்லை. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள். துணி இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், எழுந்து நகர முடியாத குட்டி சுடுகிறது என்று விலகவும் முடியாது. குண்டு பல்பு போடுவதானாலும் இதே எச்சரிக்கைதான்: கையை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுகமாக இருந்தால் குட்டிக்கும் சரி. வைக்கோல் பக்கத்தில் கிடக்கும், பல்பு அதில் விழாதபடி கட்டுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறந்து சில மணி நேரம் சீம்பால் குடிக்காமலே குளிர்ந்து கிடக்கும் இளங்குட்டியைச் சட்டென்று சூடாக்கக் கூடாது. அதன் உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும், சூடு ஏறும்போது வலிப்பு வந்து இறந்துவிடலாம். அதற்கு மருத்துவர் முதலில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுத்தான் சூடு கொடுப்பார்.

சரி, உங்கள் குட்டிக்கு வருவோம். உடம்பு சூடாகி, விரலைச் சப்ப ஆரம்பித்தால் தண்ணீர் கொடுக்கலாம். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டுப் பாருங்கள். உடனே சமமாகிவிட வேண்டும். கூடாரம் மாதிரி இரண்டு மூன்று விநாடி நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கண்ணும் குழிக்குள் போயிருக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். குட்டி 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையில் 8 சதவீதம் நீர் போயிருந்தால் அதுவே ஏறக்குறைய அரை லிட்டர். அன்றாடத் தேவை, கழிச்சலில் தொடர்ந்து போவது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். வழக்கமாக நாம் கொடுக்கும் இரண்டு மூடி தண்ணீர் எங்கே, இது எங்கே! ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 80 முதல் 100 மில்லி வரை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பாலோடு கலக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். கரைத்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

ஆனால் தலையைத் தூக்கவே முடியாமல், சப்பும் உணர்ச்சியே இல்லாமல் கிடந்தால் வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். அந்த நிலைக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும், அது மருத்துவர் வேலை. கழிச்சலில் உப்புகள் வெளியேறி ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். குட்டி துவண்டு விழுவதற்கு அதுவே ஒரு பெரிய காரணம். அதைச் சரிசெய்ய என்ன ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "கழிச்சல் குறைந்துவிட்டது, ஆனால் எழவில்லை" என்று போனில் சொன்னாலே அவர் புரிந்துகொள்வார்.

இப்போது அந்தப் பால் வழிகிற விஷயம். வழிகிறது என்றால் குட்டி விழுங்கவில்லை என்று அர்த்தம். வெளியே வருவது பாதி என்றால் மீதிப் பாதி வயிற்றுக்குத்தான் போனது என்று எப்படிச் சொல்வது? மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். நான் ஆடு வளர்க்க ஆரம்பித்த புதிதில், படுத்துக் கிடந்த குட்டியின் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு சிரிஞ்சில் பாலை வேகமாகத் தள்ளினேன். லேசாக ஒரு செருமல், அவ்வளவுதான். குடித்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் மூக்கில் பால் நுரை, நெஞ்சில் களகளவென்று சத்தம். இரண்டு நாளில் போய்விட்டது. கழிச்சலில் இருந்து மீண்டுவந்த குட்டி அது, நான் ஊற்றிய பாலால் போனது. இன்றைக்கும் யாராவது குட்டியின் தலையை மேலே தூக்கிப் பால் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கொடுக்கும் முறை இதுதான். குட்டியை நெஞ்சு தரையில் படும்படி, நான்கு காலையும் மடித்து உட்காரவையுங்கள். உங்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவில் அணைத்துப் பிடித்தால் சாயாது. மூக்கு, கண்ணின் உயரத்தைத் தாண்டக் கூடாது. சப்புகிற குட்டிக்கு ரப்பர் காம்பு போட்ட பாட்டில்தான் நல்லது. சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, பாலை நேராகச் செரிக்கும் வயிற்றுக்கு அனுப்பிவிடும். ஊற்றிய பால் பெரும்பாலும் முதல் வயிற்றில் விழுந்து அங்கேயே புளித்துப்போகும். முதல் நாள் ஒரு தடவைக்கு 50 மில்லி பால் போதும், ஆனால் அடிக்கடி. தாய் மடியில் கறந்த பால் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

அடுத்தது நான் மிக முக்கியமாக நினைப்பது. பக்கவாட்டில் கிடக்கிறது என்று சொன்னீர்கள் அல்லவா? படுத்தே கிடப்பது தனியாக ஒரு நோய் மாதிரி. கீழே அமுங்கும் பக்கத்து நுரையீரலுக்குக் காற்று சரியாகப் போகாது, அங்கே சளி கட்டும். வயிற்றில் சேரும் காற்று ஏப்பமாக வெளியேற முடியாமல் உப்பும். அமுங்கிய காலில் ரத்த ஓட்டம் குறைந்து, நோய் தீர்ந்த பிறகும் அந்தக் கால் வேலை செய்யாமல் போகலாம். அதனால் இரண்டு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்கை அணைகொடுத்து, எப்போதும் நெஞ்சு ஊன்றி உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்திருந்தால் வலப்பக்கம் மாற்றுங்கள். தண்ணீர் கொடுக்கும் நேரமும் இதுவும் ஒன்றாகவே வருவதால் மறக்காது. அடியில் சாக்குக்கு மேல் வைக்கோல் கனமாக இருக்கட்டும். அந்த வைக்கோலில் கையை அழுத்தி எடுத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. மூத்திரத்தில் ஊறிய தோல் ஒரே நாளில் புண்ணாகிவிடும்.

ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஒவ்வொரு காலையும் மடக்கி நீட்டி, தொடையையும் முன்னங்கால் தசையையும் தேய்த்துவிடுங்கள். பிறகு ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, குளம்பு தரையில் படும்படி இரண்டு மூன்று நிமிடம் நிறுத்திவையுங்கள். எடையில் கொஞ்சமாவது கால் தாங்கட்டும். சிமெண்டுத் தரை வழுக்கும், கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். ஆடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அதனால் வாலடியில் கை கொடுத்துத் தூக்கிவிட்டால் முன்னங்காலைத் தானே ஊன்ற முயலும். குட்டி முயல்வதை நீங்கள் கையில் உணர்வீர்கள். நேற்று கந்தல் துணி மாதிரி தொங்கிய கால், இன்று லேசாக உதைத்துக்கொண்டு விறைக்கும். அதுதான் முதல் நல்ல செய்தி.

எழாததற்குக் கழிச்சல் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறி வெள்ளையாக இருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்திருக்கலாம். இந்த வயதில் ரத்தக்கழிச்சல் நோயும் சகஜம், சாதாரணக் கழிச்சல் ஊசி அதற்குக் கேட்காது. கொஞ்சம் சாணத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதிக்கக் கேளுங்கள். முழங்கால் மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தால் தொப்புள் வழியாகப் போன கிருமி காரணமாக இருக்கலாம். தலையைப் பின்பக்கம் வளைத்து வானத்தைப் பார்த்தால், கண் தெரியாமல் முட்டினால், அது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். ஊசி அன்றைக்கே போட்டாக வேண்டும். இன்னொன்று, நாலு நாளாகத் தொடையில் ஊசி போட்டிருந்தால், ஒரு பின்னங்கால் மட்டும் பாதம் பின்னால் மடங்கி இழுபடுகிறதா பாருங்கள். இளங்குட்டியின் தொடையில் சதை குறைவு, ஊசி நரம்பில் பட்டுவிடும். அடுத்த ஊசியைக் கழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மனிதருக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். குட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சில கழிச்சல் கிருமிகள் மனிதருக்கும் வரும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்து வையுங்கள், ஆனால் தாயின் குரல் கேட்கும் தூரத்தில்.

எத்தனை நாள் பார்ப்பது என்று அடுத்து கேட்பீர்கள். நாள் கணக்கு நான் வைப்பதில்லை. காது சூடாகிறதா, மூத்திரம் போகிறதா, சப்புகிறதா, அசைபோட முயல்கிறதா என்று பார்ப்பேன். இவற்றில் தினமும் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே வந்தால் பத்து நாள் ஆனாலும் விடமாட்டேன். ஒரு நாள் முழுக்க மூத்திரமே போகவில்லை என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இத்தனையும் செய்தும் விழுங்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு முனகியபடியே கிடந்தால், அதன் வலியை முடித்துவைப்பது பற்றியும் அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அது கைவிடுவது ஆகாது.

இப்போதே குட்டியைப் பக்கவாட்டிலிருந்து நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சாக்கை அணைகொடுங்கள். தெர்மாமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, இமை என்ன நிறம் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.